மாப்பிள்ளைச் சீரில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

தீபாவளி அன்று காலை, எங்கள் வீட்டில் ஒரு புதுக் கம்ப்யூட்டரைச் சுற்றி நாலு பேர் நின்றோம். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை இன்னும் காயவில்லை. வாயில் லேகியம். வெளியே தெரு முழுக்க வெடிச்சத்தம். உள்ளே பூஜை முடிந்த சாம்பிராணிப் புகை.

என் மகள் மதிதான் முதலில் பேசினாள். கம்ப்யூட்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, மூணாவது மானிட்டர எங்கன சொருகட்டும்? உங்க காதுலயா?"

நல்ல நாளும் அதுவுமாக அப்பாவிடம் கேட்கிற கேள்வியா இது? கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வேறு கோபம் சீக்கிரம் வரும். ஆனால் வரவில்லை... ஏனென்றால் கேள்வியில் நியாயம் இருந்தது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

மதிக்கு இந்த ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சுந்தர், கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறார். மதிக்கு பெங்களூரில் வேலை. கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் முழுசாக எழுப்பிக் காட்டுகிற கம்பெனி. ஆக, தாலி ஏறிய நாளிலிருந்து அவர் இங்கே, இவள் அங்கே. வெள்ளிக்கிழமை ரயில் ஏறி சனிக்கிழமை வருவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி ரயில்.

"அவரு குடித்தனம் பாளையங்கோட்டையில. என் குடித்தனம் மேல் பெர்த்துல" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி. பெற்றவர்களுக்குத் தெரியாதா? அவளை ரயில் ஏற்றிவிட்டு ஜங்ஷனிலிருந்து திரும்பும்போதெல்லாம் என் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வருவாள்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு நல்ல சேதி வந்தது. மதி ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னது — ஒரு நிபந்தனையோடு. ஒரே நேரத்தில் மூன்று மானிட்டர் ஓடுகிற கம்ப்யூட்டர் வீட்டில் இருக்க வேண்டும். ஒன்றில் வரைபடம், ஒன்றில் கட்டடம், ஒன்றில் கூட வேலை பார்ப்பவர்களோடு பேச்சு. தீபாவளி லீவு முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்று காலையில் மேலதிகாரி வீடியோவில் வந்து பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக ஓடினால் மதி இனி எங்கள் ஊர்க்காரி. ஓடவில்லையா? அன்றைக்கே பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இதே சலுகையைக் கேட்டு அங்கே இன்னும் நாலு பேர் நிற்கிறார்களாம்.

மானிட்டர் மூன்றையும் கம்பெனியே அனுப்பிவிட்டது. கம்ப்யூட்டருக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவிக்கு அந்த யோசனை உதித்தது.

"ஏங்க, தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குச் சீர் செய்யணுமில்லா? மோதிரமா சங்கிலியான்னு கேட்டா, 'உங்க இஷ்டம் அத்தே'ங்காரு. பேசாம கம்ப்யூட்டரையே சீராக் குடுத்துருவோம். சீரும் செஞ்ச மாதிரி ஆச்சு, பிள்ளைக்கும் ஆச்சு."

பிரமாதமான யோசனைதான். ஆனால் அதற்குச் 'சீர்' என்று பெயர் வைத்தோம் பாருங்கள், வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

சீர் என்றால் அது மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளைக்கு என்றால் அவருக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். மாமனாரும் மாப்பிள்ளையும் பேசி முடிக்கிற காரியத்தில் பெண்ணிடம் எதற்குக் கேட்பது? அந்தக் கம்ப்யூட்டரில் நாள் முழுக்க உட்காரப் போகிறவள் அவள். அவளை ஒரு வார்த்தை கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவளும் 'மூணு மானிட்டர்னு சொல்லியாச்சே, அப்பா பாத்துக்கிடுவாங்க' என்று நம்பி இருந்துவிட்டாள். பாவம்!

மாப்பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தங்கமான பிள்ளை. அவரிடம் ஒரே ஒரு சங்கடம் — வேண்டும், வேண்டாம் என்று எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து போடுவது வழக்கம். தேங்காய்ப்பாலில் காயும் பாசிப்பருப்பும் போட்டு, எலுமிச்சை பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வைத்து... என் மனைவியின் சொதிக்கு எங்கள் தெருவிலேயே நல்ல பேர். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டு, "நல்லா இருக்கு அத்தே" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் எப்போது வந்தாலும் எங்கள் வீட்டில் சொதிதான். தேங்காய்க்காரர் தெரு முனையில் வரும்போதே என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை வாராரோ?" என்பார்.

சரி, கடைக்கு வருவோம்.

வண்ணார்பேட்டையில் எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடை ஒன்று இருக்கிறது. கடை அண்ணாச்சிக்கு என் வயது இருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவரும் என்னை அண்ணாச்சி என்பார். விஷயத்தைச் சொன்னேன். மூன்று மானிட்டர் கதையையும் சொன்னேன். அவர் ரொம்பத் தெளிவாகத்தான் கேட்டார்.

"திரையில படம் காட்டுததுக்கு கிராபிக்ஸ் கார்டு போடணும். அது எதுக்குன்னு மொதல்ல சொல்லுங்க அண்ணாச்சி. கேமுக்குன்னா ஒரு வழி, மூணு மானிட்டருக்குன்னா ஒரு வழி. கேமுக்கு ஒரே திரையில படம் வெரசா ஓடணும், கார்டுக்கு நல்ல தெம்பு வேணும். மூணு மானிட்டருக்குன்னா தெம்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா வயர் சொருக முதுகுல மூணு போர்ட் இருந்தே ஆகணும்."

"ரெண்டும் வேணும்னா?"

"அதுக்கும் இருக்கு. பாக்க லெச்சணமா இருக்காது, அவ்வளவுதான்."

இத்தனை தெளிவாக ஒருத்தர் சொன்ன பிறகும் மனுஷன் கோட்டை விடுவானா? விடுவான். மாமனார் என்றால் கண்டிப்பாக விடுவான்!

"மாப்பிள்ளையக் கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று அங்கேயே நின்று போன் போட்டேன்.

"மாப்பிள்ளை, நீங்க கேம் ஆடுவீங்களா?"

அந்தப் பக்கம் தொழிற்சாலை இரைச்சல். அப்புறம் வந்தது பதில்.

"உங்க இஷ்டம் மாமா."

மாமனாரின் இஷ்டத்துக்கு ஒருத்தர் கேம் ஆடுவாரா? நீங்களே சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படிப் படவில்லை. ஆசை இருக்கிறது, சொல்லக் கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி அடித்துச் சொன்னாள். "ஆடுவாருங்க! ரிசப்ஷன்ல போன வச்சுக்கிட்டு ரெண்டு கட்டவிரலாலயும் விடாம ஆடிக்கிட்டு இருந்தாருல்லா? நான் பாத்தேன்."

சாட்சியும் கிடைத்துவிட்டது. கேமிங் கார்டு என்று முடிவாயிற்று.

ஒருநாள் சாயங்காலம் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணாச்சி நாலைந்து பெட்டிகளை எடுத்துப் போட்டார். அதில் ஒன்று... அடடா! இரண்டு ஃபேன், சுற்றிலும் சிவப்பும் நீலமுமாக ஓடி ஓடி எரிகிற விளக்கு. கோயில் ஆனித் திருவிழாவில் ரதவீதி விளக்குகள் எரிகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் இன்னொரு பெட்டியில் ஒரு கறுப்புக் கார்டு, விளக்கும் இல்லை ஒன்றும் இல்லை, அம்மிக் கல் மாதிரி கிடந்தது. தலை தீபாவளிச் சீருக்கு நான் எதைத் தொடுவேன்?

"இது எப்படி மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை பெட்டியை வாங்கினார். திருப்பினார். பின்பக்கப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு மாமா."

கடை அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ கிளாஸை எடுத்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கிற ப்ராசசரைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "கார்டுதான் போடுதோமே, அப்ப ப்ராசசர்லயே படம் காட்டுத வசதி வேண்டாந்தான?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். வேறென்ன சொல்வார்? "மாமா இஷ்டம்."

தீபாவளி விடிந்தது. கம்ப்யூட்டரைப் பூஜையில் வைத்து, அதன் நெற்றியிலும் கார்டு வந்த பெட்டியிலும் சந்தனம், குங்குமம் வைத்து, மாப்பிள்ளை கையால் சுவிட்சைப் போடச் சொன்னோம். உள்ளே விளக்கு ஓடியது. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் எல்லார் முகத்தையும் பெருமையாக ஒரு சுற்றுப் பார்த்தேன்.

அப்போதுதான் மதி மூன்று மானிட்டரின் வயர்களோடு பின்னால் போய்க் குனிந்தாள். கார்டின் முதுகில் இருந்ததோ இரண்டே போர்ட்!

காது விஷயம் கேட்ட பிறகு, மூன்றாவது வயரை, கார்டை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையான மதர்போர்டில் இருந்த போர்ட்டில் சொருகிப் பார்த்தாள். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. "இதுல வரணும்னா ப்ராசசர்ல வசதி இருக்கணும். அதுவும் இல்லாத மாடலாப் பாத்து வாங்கியிருக்கீங்க" என்றாள். வயரைக் கீழே போட்டாள். "யாரு எடுத்தது இத?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"அவருக்குக் கேம்னா பிடிக்குமேன்னுதாம்மா..." என்று இழுத்தேன்.

"எனக்குக் கேமே ஆடத் தெரியாது மாமா" என்றார் மாப்பிள்ளை, தரையிடம்.

"ரிசப்ஷன்ல போன்ல ஆடிக்கிட்டு இருந்தீங்களே!" என் மனைவி விடவில்லை.

"அது மேனேஜருக்கு மெசேஜ் அத்தே. ரெண்டு நாள் லீவு நீட்டித் தரச் சொல்லிக் கெஞ்சிக்கிட்டு இருந்தேன்."

"கார்டுல ரெண்டு போர்ட்தான் இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?" என்று மதி கேட்டாள், புருஷனை நேராகப் பார்த்து.

"பெட்டியில பாத்தேன். தெரியும்." அவர் குரல் உள்ளே போய்விட்டது. "மாமா அவ்வளவு ஆசையாக் காட்டுதாங்க. சீர் குடுக்கவங்கட்ட போயி இது வேண்டாம், அது வேணும்னு எப்படிச் சொல்ல? எப்படியாவது பொறவு பாத்துக்கிடலாம்னு நெனச்சேன்."

மதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. நன்றாகத்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்து, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "ஆபீஸ் திறக்கிற அன்னைக்கு அவங்க கேப்பாங்க. ரெண்ட மட்டும் காட்டவா? மறுபடியும் நான் ரயில்லயே கெடக்கணுமா?"

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. "எந்திரி, கடையில போயி மாத்திருவோம்" என்றேன்.

"நல்லா இருக்கு! பூஜையில வச்சு, குங்குமம் வச்சு, மாப்பிள்ளை கையில குடுத்த சீரு. அதத் தூக்கிட்டுக் கடைக்குப் போறதா? தலை தீபாவளி அன்னைக்கா? திசையன்விளையில சம்பந்தி கேட்டா என்ன நெனப்பாக?" என் மனைவி குறுக்கே நின்றாள். அவளுக்கும் பெண் இங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் கொடுத்த சீரைத் திரும்ப வாங்கினோம் என்கிற பேச்சு, அது அவளுக்குச் சாமி குத்தம் மாதிரி. நான் அவளோடு வாதாடத் தயாரானேன். நாங்கள் வாதாட ஆரம்பித்தால் பொங்கல் வந்துவிடும்.

அப்போது மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

"அத்தே, சீர் யாருக்கு?"

"உங்களுக்குத்தான் மாப்பிள்ளை."

"அப்ப நான் சொல்லுதேன். இது எனக்குப் பிடிக்கல. மாத்தணும்."

எங்கள் வீட்டில் அவர் வாயிலிருந்து 'பிடிக்கல' என்கிற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. என் மனைவி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஒன்று பிடிக்கவில்லை என்றால் மாற்றிக் கொடுக்க வேண்டியதுதானே முறை! எந்த மரியாதையால் மாட்டிக்கொண்டோமோ, அதே மரியாதை எங்களை இழுத்து வெளியே விட்டது. மதி உட்கார்ந்த இடத்திலிருந்து புருஷனை அண்ணாந்து பார்த்தாள். கல்யாணத்தன்று மேடையில்கூட அவள் அப்படிப் பார்த்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் கடை பாதிக் கதவுதான் திறந்திருந்தது. கடை அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் எழுந்து, மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். அதே அம்மிக் கல்!

"வருவீங்கன்னு தெரியும். யாருக்கும் குடுக்காம எடுத்து வச்சிருக்கேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "தெரியும்லா? அன்னைக்கே சொன்னா என்னவே?"

"மாமனாரும் மாப்பிள்ளையும் நிக்க எடத்துல நான் என்னத்தச் சொல்ல அண்ணாச்சி? எனக்கும் மூணு மாப்பிள்ளை இருக்காங்க."

நான் பழைய கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

இந்த முறை மதி கேட்டாள், நாங்கள் இரண்டு பேரும் பின்னால் கைகட்டி நின்றோம். கார்டில் எத்தனை போர்ட்? நாலு. மானிட்டரில் இருக்கிற போர்ட்டும் இதுவும் பொருந்துமா, இல்லை நடுவில் கன்வெர்ட்டர் போட்டு அல்லாடணுமா? எஸ்.எம்.பி.எஸ். இந்தக் கார்டுக்குக் கரண்ட் கொடுத்துத் தாங்குமா? கேபினெட்டுக்குள் நீளம் உட்காருமா? கூட்டத்தில் பேசும்போது ஃபேன் இரையுமா? பெட்டியில் பெரிசாக எத்தனை ஜி.பி. மெமரி என்று போட்டிருந்ததே, அதை அவள் கடைசியில்தான் பார்த்தாள். நான் முதலில் பார்த்ததே அதைத்தான். அதற்கும் முன்னால் விளக்கைப் பார்த்தேன்.

நாலைந்து கேள்வி. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. முதலிலேயே இவளைக் கேட்டிருந்தால்...? அதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். மூன்று திரையிலும் ஒரே ஆட்டத்தை விரித்து ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெம்பும் வேண்டும், போர்ட்டும் வேண்டும். ஒற்றைத் திரையில் பந்தயக் கார் ஓட்டுகிறவருக்கு இரண்டு போர்ட்டே அதிகம். கணக்கு எழுதுகிறவருக்குக் கார்டே வேண்டாம், ப்ராசசரில் இருக்கிறதே போதும். நல்ல கார்டு, மோசமான கார்டு என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. உட்காரப் போகிறது யார் என்று கேட்காமல் வாங்கினால் எல்லாமே மோசமான கார்டுதான்.

கிளம்பும்போது பழைய கார்டின் பெட்டியில் இருந்த குங்குமத்தைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. "இத என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு. இன்னொரு மாமனார் வராமலா போயிருவாரு?" என்றார் அண்ணாச்சி.

ஆபீஸ் திறக்கிற நாளும் வந்தது. மதி மூன்று மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். நானும் என் மனைவியும் கதவுக்குப் பின்னால். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால். மேலதிகாரி என்னென்னவோ கேட்டார். மதி இடது திரையில் இருந்த ஒரு மாடிக் கட்டடத்தை அப்படியே பிடித்து இழுத்து, நடுத்திரை வழியாக வலது திரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். கட்டடம் ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. எங்கள் வீட்டில் கரண்ட் போகவில்லை, குக்கர் கூவவில்லை, ஊரே எங்களுக்காக அடங்கி இருந்தது.

கூட்டம் முடிந்தது. மதி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். "சரின்னுட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. நான் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கொண்டாட வேண்டாமா? அன்று மதியம் என் மனைவி என்ன வைத்திருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். பெரிய சட்டி நிறையச் சொதி. இலை போட்டு, சோறு வைத்து, கரண்டியோடு மாப்பிள்ளை பக்கம் குனிந்தாள்.

மாப்பிள்ளை இலையைக் கையால் மறித்தார்.

"அத்தே... எனக்குச் சொதி பிடிக்காது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. மதி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நான் நினைத்தேன். என் மனைவியோ கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டுச் சிரித்துவிட்டாள். நல்ல வாய்விட்ட சிரிப்பு.

"இத மொதல்லயே சொன்னா என்ன, மாப்பிள்ளை? அப்ப என்னதான் பிடிக்கும், அதச் சொல்லுங்க."

"மெளகுக் கொழம்பு" என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல். இப்போது அடுத்த தெருவுக்கு அடிக்கடி மிளகுக்குழம்பு போகிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் மதி அவருக்கு நடு மானிட்டரில் கேம் ஆடச் சொல்லிக்கொடுக்கிறாளாம். சரியாகவே வரவில்லையாம்.

அன்றைக்கு மிச்சமான அந்தச் சட்டிச் சொதி முழுவதும் என் தலையில் விழுந்தது. "உங்களுக்காவது பிடிக்குதே" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். எனக்கும் பிடிக்காது... கல்யாணமான நாளிலிருந்தே பிடிக்காது. இதை என் மனைவி, உங்களோடு சேர்ந்து இங்கேதான் முதல்முதலாகப் படிக்கிறாள்!